ஒரே ஆண்டில் அறியப்பட்ட இரு கிருமிகள்

எமது நாட்டுப் பாடசாலைகளில் ஆறாம் வகுப்பிற் கற்கும் மாணவியருக்கு 2017ஆம் ஆண்டு முதல் ஓர் ஊசி ஏற்றப்பட்டு வருகின்றது. பெண்களைப் பீடிக்கும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பிற்காலத்தில் வாராமற் காக்கும் ஊசி அது. தாய்மார் அதற்கு இசைந்து பிள்ளைகளை அனுப்பிவைக்கின்றனர்; பிள்ளைகளும் ஊசி குத்திய கையைத் தடவிக்கொண்டு வகுப்புக்குத் திரும்புகின்றனர். அவ்வளவில் காரியம் முடிந்துவிடுகின்றது. அந்தச் சிறு ஊசிக்குப் பின்னால் எத்தனை ஆண்டு உழைப்பும் எவ்வளவு பொருளும் நிற்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அப்புற்றுநோய்க்குக் காரணமான கிருமி எச். பி. வி. என்னும் வைரசு ஆகும். அதன் கொடிய இனங்களுள் ஒன்றை ஜேர்மனிய விஞ்ஞானியாகிய ஹரல்ட் சூர் ஹவுசன் 1983ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். அதே ஆண்டில், பாரிஸ் நகரத்துப் பாஸ்ரர் நிலையத்தில், பிரான்சுவாஸ் பரே-சினூசி என்னும் அம்மையாரும் லூக் மொன்தாஞ்யே என்பவரும் வேறொரு வைரசைப் பிரித்தெடுத்தனர். எயிட்ஸ் நோயை உண்டாக்கும் எச். ஐ. வி. அதுவே. 2008ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இம்மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இரு கிருமிகளும் உடலுறவின் வழியே பரவுபவை. ஒரே ஆண்டில் உலகுக்குத் தெரிந்தவை. கண்டறிந்தோர் ஒரே மேடையிற் சிறப்பிக்கப்பெற்றவை. ஆயினும், முதலாவதற்கு 2006ஆம் ஆண்டிலேயே தடுப்பூசி வந்துவிட்டது. இரண்டாவதற்கு இன்று வரை இல்லை. இந்த வேறுபாடு ஏன் உண்டாயிற்று? இல்லாததைத் தேடும் முயற்சிக்கு இன்னும் பணம் செலவிடுவது தகுமா? 2025ஆம் ஆண்டில் அப்பணத்தில் ஒரு பகுதி வெட்டப்பட்டதனால், இவ்வினாக்கள் விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியவையாக இல்லாமல் எம்மனைவருக்கும் உரியவையாகிவிட்டன.

நோயின் அளவு

1981ஆம் ஆண்டு யூன் மாதம் 5ஆந் திகதி, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞர்கள் அபூர்வமான ஒருவகை நுரையீரற் காய்ச்சலுக்கு ஆளாகினர் என்ற சிறு குறிப்பொன்று அரசாங்க சுகாதார வெளியீடொன்றில் வந்தது. அக்குறிப்பை அன்று வாசித்தவர் மிகச் சிலர். அதன் பின்னர் 2024ஆம் ஆண்டு முடியும் வரை இந்நோயினால் மாண்டோர் தொகை 4 கோடியே 41 இலட்சம் என ஐக்கிய நாடுகள் சபையின் எயிட்ஸ் பிரிவு கணித்திருக்கின்றது. இலங்கையில் வாழும் மக்கள் அனைவரையும் இருமுறை எண்ணினால் வரும் தொகை அது.

இறந்தோர் கதை அவ்வாறிருக்க, வாழ்வோர் நிலை என்ன? 2024ஆம் ஆண்டு இறுதியில் இக்கிருமியுடன் வாழ்ந்தோர் 4 கோடியே 8 இலட்சம். அவர்களுள் 15 வயதுக்குட்பட்ட சிறுவர் ஏறத்தாழ 14 இலட்சம். சிகிச்சை பெற்றோர் 3 கோடியே 16 இலட்சம். அந்த ஓராண்டில் மாத்திரம் புதிதாகத் தொற்றுக்கு ஆளானோர் 13 இலட்சம். அதாவது, ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 3,500 பேர். அதே ஆண்டில் 6 இலட்சத்து 30 ஆயிரம் பேர் உயிர் நீத்தனர்.

எயிட்ஸ் முடிந்துபோன கதை என்று கருதுவோர் இத்தொகைகளைச் சற்று நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

மருந்து இருக்கத் தடுப்பூசி எதற்கு?

“நல்ல மருந்துகள் வந்துவிட்டனவே, இனித் தடுப்பூசி எதற்கு?” என்று கேட்போர் பலர். இக்கேள்வி நியாயமானது. 1996ஆம் ஆண்டு தொடக்கம், பல மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் சிகிச்சை முறை வந்ததும், மரணப் படுக்கையிற் கிடந்தோர் எழுந்து தொழிலுக்குச் சென்றனர். மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்திற் கிருமி அளவிட முடியாதபடி குறையப் பெற்றவர், உடலுறவின் மூலம் அதனைப் பிறருக்குப் பரப்புவதுமில்லை. இஃது இந்த நூற்றாண்டின் மருத்துவச் சாதனைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

ஆனால், அம்மருந்து நோயை வேரறுப்பதில்லை, அடக்கி வைக்கின்றது. நிறுத்தினாற் கிருமி மீண்டும் தலைதூக்கும். இருபது வயதிற் தொற்றுக்கு ஆளான ஒருவர் எழுபது வயது வரை வாழ்வாராயின், நாளொன்றுக்கு ஒன்றாக 18,000க்கு மேற்பட்ட குளிசைகளை விழுங்குதல் வேண்டும். போர் வந்தாலும், வெள்ளம் வந்தாலும், கப்பல் வாராதிருந்தாலும், நன்கொடை கொடுத்த நாட்டில் ஆட்சி மாறினாலும் அக்குளிசை வந்துகொண்டேயிருத்தல் வேண்டும். நாளொன்றுக்கு 3,500 பேர் புதிதாகச் சேர்ந்துகொண்டிருக்கும் வரிசைக்கு இவ்வாறு ஆயுள் முழுவதும் மருந்து வழங்குவது முடிவில்லாத கடன்.

குளத்தில் வாழ்ந்த மூன்று மீன்களின் கதையை நாம் சிறு வயதிற் படித்திருக்கின்றோம். வலைஞர் வரப்போகின்றனர் என அறிந்த முதல் மீன் அன்றிரவே வேறு நீர்நிலைக்குப் போய்விட்டது. இரண்டாவது, வலையில் அகப்பட்ட பின்னர்ச் செத்ததுபோற் கிடந்து தப்பிற்று. மூன்றாவது அகப்பட்டு மாண்டது. மருந்து, இரண்டாவது மீனின் சாமர்த்தியம். அது போற்றத்தக்கதே. ஆயினும், முதல் மீனின் வழி தெரிந்தால் எந்தத் தாய் தன் பிள்ளைக்கு இரண்டாவது வழியைத் தெரிந்தெடுப்பாள்?

அண்மையில் வந்த மற்றொரு மருந்தையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும். லெனகபவிர் என்பது அதன் பெயர். ஆண்டுக்கு இருமுறை ஊசியாக ஏற்றப்படுவது. தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் நடந்த பரிசோதனையில் இதனைப் பெற்ற 2,134 இளம் பெண்களுள் ஒருவருக்கேனும் தொற்று உண்டாகவில்லை என 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2025 யூன் மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் இதற்கு அனுமதி வழங்கிற்று. அங்கே அதன் விலை ஆண்டொன்றுக்கு 28,000 டொலருக்கு மேல். வறிய நாடுகளுக்கென 2027ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 40 டொலருக்கு வழங்கும் ஒப்பந்தங்களும் செய்யப்பட்டுள்ளன. இது வரவேற்கத்தக்க செய்தி. எனினும், இதுவும் உடலுக்குப் போர்புரியக் கற்பிப்பதில்லை. உடலுக்காக மருந்தே போர்புரிகின்றது. ஆறு மாதங் கழிந்ததும் மறுமுறை ஊசிக்கு வராதவருக்குக் காவல் படிப்படியாக நீங்கிவிடும். தடுப்பூசியோ உடலின் நினைவிற் பதிந்துவிடும் பாடம். இரண்டும் ஒன்றல்ல.

கள்வனின் தந்திரங்கள்

எச். பி. வி.க்குத் தடுப்பூசி கிடைத்ததுபோல் எச். ஐ. வி.க்குக் கிடையாமைக்குக் காரணம் விஞ்ஞானிகளின் சோம்பல் அன்று. பகைவனின் இயல்பே வேறு.

தடுப்பூசி என்பது, கள்வனின் உருவப்படத்தைக் காவலருக்கு முன்னரே காட்டி வைப்பது போன்றது. கள்வன் வந்ததும் காவலர் அவனை இனங்கண்டு பிடித்துவிடுவர். எச். பி. வி. தன் உருவத்தை மாற்றுவது மிக மெதுவாக. எச். ஐ. வி.யோ தன்னைப் பிரதி செய்யும்பொழுதெல்லாம் பிழை விட்டுக்கொண்டே போகின்றது. அப்பிழைகளே அதற்கு மாறுவேடங்களாகின்றன. ஒரே நோயாளியின் உடலில் ஒரு காலத்திற் காணப்படும் எச். ஐ. வி.யின் வேறுபாடுகள், ஓராண்டில் உலகம் முழுவதிலும் பரவும் இன்புளுவன்சா வைரசின் வேறுபாடுகளுக்கு ஒப்பானவை என ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர்.

இரண்டாவது தந்திரம், அதன் போர்வை. எச். ஐ. வி.யின் மேற்புறத்திலுள்ள புரத முட்கள் சர்க்கரைப் பொருள்களால் மூடப்பட்டிருக்கின்றன. அச்சர்க்கரை எமது உடலே உண்டாக்கியது. ஆகவே, எமது பிறபொருளெதிரிகள் அதனைத் தம்மவர் எனக் கருதி விட்டுவிடுகின்றன.

மூன்றாவது தந்திரமே மிகக் கொடியது. இவ்வைரசு பற்றிக்கொள்வது, நிர்ப்பீடனத்தை நடாத்திச் செல்லும் வெண்குருதிக் கலங்களையே. காவல் நிலையத்துக்குள் நுழைந்து காவலரை அடிமைகொள்ளும் கள்வனை யார் பிடிப்பது? அக்கலங்களின் பரம்பரைப் பொருளோடு தன்னையும் பின்னிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கவும் அதற்குத் தெரியும். எனவே, தொற்று நிலைகொள்ளுமுன் சில நாள்களுக்குள் அதனைத் தடுத்தல் வேண்டும்.

பெரியம்மை கண்டு பிழைத்தவருக்கு அந்நோய் மறுபடி வருவதில்லை. அந்த இயற்கைப் பாடத்தைப் பார்த்தே எட்வேட் ஜென்னர் 1796ஆம் ஆண்டில் அம்மைப்பால் கட்டும் முறையைக் கண்டார். எச். ஐ. வி.யைத் தானாகவே வென்று குணமடைந்தவரோ மிக மிக அரியர். பார்த்தெழுதுவதற்கு முன்மாதிரி இல்லாத பரீட்சை இது.

தோல்விகள் கற்பித்த பாடம்

1984ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம், அமெரிக்கச் சுகாதாரச் செயலாளராக இருந்த மார்கரெட் ஹெக்ளர் அம்மையார், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளிற் தடுப்பூசியொன்று பரிசோதனைக்கு ஆயத்தமாகிவிடும் எனத் தாம் நம்புவதாகக் கூறினார். 1997ஆம் ஆண்டு மே மாதம், ஜனாதிபதி கிளிண்டன் பத்தாண்டுகளில் அதனை அடைவதென இலக்கு வகுத்தார். இரு தவணைகளும் கடந்தன, ஊசி வரவில்லை. இவ்வாறு நாள் குறித்துக் கொடுத்த வாக்குகளே பிற்காலத்தில் ஆராய்ச்சிக்குப் பகையாயின எனலாம். நாள் தவறியதும் மக்கள் நம்பிக்கை இழந்தனர்.

பரிசோதனைகளின் வரலாறும் இலேசானதன்று. 2007ஆம் ஆண்டில் ஒரு பெரும் பரிசோதனை இடைநடுவில் நிறுத்தப்பட்டது. அந்த ஊசி காக்கத் தவறியது மாத்திரமன்றி, அதைப் பெற்ற ஆடவருள் ஒரு சாராரிடையே தொற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது. 2020 பெப்ரவரியில் தென்னாபிரிக்காவில் 5,400க்கு மேற்பட்டோர் பங்குபற்றிய பரிசோதனை பயனின்மையால் நிறுத்தப்பட்டது. 2021ஆம் ஆண்டில் ஆபிரிக்க இளம் பெண்களிடையே நடந்த மற்றொன்றும், 2023 ஜனவரியில் அமெரிக்கக் கண்டங்களிலும் ஐரோப்பாவிலும் நடந்த வேறொன்றும் அதே கதியை அடைந்தன.

இவற்றை மறைத்து எவரிடமும் பணம் கேட்பது முறையன்று. ஆனால், இத்தோல்விகள் வெறுங்கையுடன் திரும்பியவையல்ல என்பதையும் சொல்லுதல் வேண்டும்.

தாய்லாந்தின் ராயோங், சொன்புரி மாகாணங்களில் 2003ஆம் ஆண்டு தொடங்கிய பரிசோதனையில் 16,000க்கு மேற்பட்டோர் பங்குபற்றினர். 2009ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. வெறும் ஊசி பெற்றோருள் 74 பேருக்குத் தொற்று உண்டாகியிருக்க, தடுப்பூசி பெற்றோருள் 51 பேருக்கே உண்டாகியிருந்தது. நூற்றுக்கு 31 பங்கு பாதுகாப்பு! வழக்கத்திற்குக் கொண்டுவர அது போதாது. ஆயினும், எச். ஐ. வி.யை ஊசியினாற் தடுத்தல் கூடும் என்ற நம்பிக்கைக்கு முதற் சான்று அது. அத்தொண்டர்களின் இரத்தத்தைப் பின்னர் ஆராய்ந்து, எவ்வகைப் பிறபொருளெதிரி உள்ளவர்கள் கூடுதலாகத் தப்பினர் என்பதையும் கண்டனர்.

இன்னொரு வழியும் திறந்தது. நோயாளிகளுள் ஒரு பகுதியினரின் உடல், பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர், வைரசின் பல்வேறு வேடங்களையும் இனங்கண்டு தாக்கும் அபூர்வமான பிறபொருளெதிரிகளை உண்டாக்குகின்றது. அவருக்கு அது காலங்கடந்த உதவி. ஆனால், ஆரோக்கியமான ஒருவரின் உடலுக்கு அதனை முன்கூட்டியே கற்பிக்க முடியுமாயின்?

ஒரே ஊசியினால் அது ஆகாது. சிறுவனுக்கு முதலில் அரிச்சுவடியும், பின்னர்ச் சொற்களும், அதன் பின்னர் வசனங்களும் கற்பிப்பதுபோல, உடலுக்கும் ஊசி ஊசியாகப் படிப்படியாகக் கற்பித்தல் வேண்டும். இம்முறையின் முதற் படியைச் சோதித்த பரிசோதனையின் முடிவு 2022ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்தது. ஊசி பெற்ற 36 பேருள் 35 பேரின் உடல் அரிச்சுவடியைக் கற்றுக்கொண்டது. அஃதாவது, அத்தகைய பிறபொருளெதிரிக்கு வித்தான கலங்கள் அவர்களிடம் தோன்றின. அடுத்த படிகளைச் சோதித்த ஆய்வுகளின் முடிவுகள் 2025ஆம் ஆண்டில் வெளியாயின. அவையும் ஊக்கந் தருவனவே. பங்குபற்றியோர் சிலருக்குத் தோலிற் தடிப்புகள் உண்டாயின என்பதும் அவற்றோடு அறிவிக்கப்பட்டது. இன்னும் வாக்கியம் எழுதும் வகுப்புக்கு உடல் வந்துவிடவில்லை. ஆனால், அது படிக்கக்கூடிய பிள்ளை என்பது தெளிவாகியிருக்கின்றது.

பத்துச் சதக் காசுகள் செய்த காரியம்

நாற்பது ஆண்டுகள் பொறுத்தது போதாதா என்று கேட்கலாம். இளம்பிள்ளை வாதத்தின் வரலாறு இதற்கு விடை சொல்லும்.

அந்நோய் ஒரு வைரசினால் உண்டாவது என்பது 1908ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இருவர் தனித்தனியே தடுப்பு மருந்து செய்து பிள்ளைகளுக்கு ஏற்றினர். அது பெருந்தீங்காய் முடிந்தது. சில பிள்ளைகள் நோயுற்றனர், சிலர் இறந்தனர். அன்றே உலகம் அவ்வாராய்ச்சியைக் கைகழுவியிருக்குமாயின் என்ன நேர்ந்திருக்கும்?

1938ஆம் ஆண்டில், தாமே அந்நோயினால் நடக்கும் வலுவை இழந்தவரென அறியப்பட்ட ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு நிதியத்தைத் தொடக்கிவைத்தார். ‘டைம்’ எனப்படும் பத்துச் சதக் காசுகளைப் பொதுமக்கள் அதற்கு அனுப்பினர். அந்த நிதியத்தின் பணம் உடனே ஊசியாகிவிடவில்லை. அதன் ஒரு பகுதி, எண்டர்ஸ் என்னும் விஞ்ஞானியின் ஆய்வுகூடத்துக்குச் சென்றது. அவரும் அவருடைய துணைவர் இருவரும், நரம்பல்லாத இழையங்களிலும் அவ்வைரசை வளர்க்கலாம் என 1949ஆம் ஆண்டிற் காட்டினர். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இச்செய்தியே திறவுகோலாயிற்று. 1955 ஏப்ரில் 12ஆந் திகதி சால்க்கின் தடுப்பூசி பயனுள்ளது என அறிவிக்கப்பட்டது. கிருமியை அறிந்தது முதல் ஊசி வரை 47 ஆண்டுகள்! எமது நாட்டிற் கடைசியாக இளம்பிள்ளை வாத நோயாளி ஒருவர் காணப்பட்டது 1993ஆம் ஆண்டில்.

மலேரியாவை எடுத்துக்கொள்வோம். அதன் கிருமியை லாவரன் என்பவர் கண்டது 1880ஆம் ஆண்டில். உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு முதலாவது தடுப்பூசியைச் சிபாரிசு செய்தது 2021ஆம் ஆண்டில். இவற்றோடு ஒப்பிடும்பொழுது எச். ஐ. வி. ஆராய்ச்சி தாமதித்துவிட்டது என்று எவ்வாறு கூறுவது?

வயலுக்கு இறைக்கும் நீர் வரம்பிலுள்ள தென்னையையும் நனைக்கும். எண்டர்ஸின் ஆய்வுகூடமே பிற்காலத்திற் சின்னமுத்துத் தடுப்பூசிக்கும் பிறப்பிடமாயிற்று. எச். ஐ. வி. ஆராய்ச்சியும் அவ்வாறே பிறருக்குப் பயன்பட்டிருக்கின்றது. 2020ஆம் ஆண்டிற் கொரோனா நோய் உலகை வளைத்தபொழுது, எச். ஐ. வி. தடுப்பூசிப் பரிசோதனைக்கென அமைந்திருந்த நிலையங்களும் அவற்றிற் பயின்ற வைத்தியர்களுமே அமெரிக்காவிலும் வேறிடங்களிலும் கொரோனாத் தடுப்பூசிப் பரிசோதனைகளை விரைந்து நடாத்த உதவினர். ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கம்பனியின் கொரோனாத் தடுப்பூசிக்கு ஊர்தியாக அமைந்த வைரசும், முன்னர் எச். ஐ. வி. தடுப்பூசிக்காக ஆராயப்பட்டதே.

செலவு எவ்வளவு?

வறிய நாடுகளிற் பசியும் பிணியும் பல இருக்க, இதற்கு இத்தனை கோடியா என்ற ஆட்சேபமும் உண்டு. வறிய நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் எச். ஐ. வி. தொடர்பான பணிகளுக்காக 2024ஆம் ஆண்டிற் கிடைத்த பணம் ஏறத்தாழ 1,870 கோடி டொலர். தடுப்பூசி ஆராய்ச்சிக்கோ, மிகக் கூடுதலாகச் செலவிடப்பட்ட 2007ஆம் ஆண்டிற்கூட, உலகம் முழுவதிலும் 100 கோடி டொலர் செலவாகவில்லை. ஒழுகும் கூரையின் கீழ் ஆண்டுதோறும் பாத்திரம் வைப்பதற்கு ஒதுக்கும் பணத்தில் இருபதில் ஒரு பங்களவைக் கூரையை வேய்வதற்கு ஒதுக்குவது ஊதாரித்தனம் ஆகுமா? பாத்திரம் வைப்பதை நிறுத்தும்படி நாம் சொல்லவில்லை; மழை பெய்துகொண்டிருக்கின்றது. மருந்துக்குரிய பணத்தைப் பறித்து ஆராய்ச்சிக்குக் கொடுத்தலும் தவறு. ஆராய்ச்சியை நிறுத்தி மருந்தோடு அமைதலும் தவறு.

எனினும், 2025ஆம் ஆண்டில் நேர்ந்தது யாது? உலகிலேயே அதிகமாக, ஏறத்தாழ 80 இலட்சம் பேர் இக்கிருமியுடன் வாழும் நாடு தென்னாபிரிக்கா. அந்நாட்டின் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த பேராசிரியை கிளெண்டா கிரே தலைமையில், எட்டு ஆபிரிக்க நாடுகளின் விஞ்ஞானிகள் ஒன்றுசேர்ந்து ஆபிரிக்காவுக்கென ஒரு தடுப்பூசி முயற்சியைத் தொடங்கியிருந்தனர். அமெரிக்க உதவியாக 4½ கோடி டொலருக்கு மேல் ஒதுக்கப்பட்டிருந்தது. பரிசோதனை தொடங்கும் தறுவாயில், 2025 ஜனவரியில், அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியது, பரிசோதனையும் தடைப்பட்டது. அதே ஆண்டு மே மாத இறுதியில், டியூக் பல்கலைக்கழகத்திலும் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்திலும் இயங்கிய இரு பெரும் எச். ஐ. வி. தடுப்பூசி ஆராய்ச்சிக் கூட்டமைப்புகளுக்கு 2026ஆம் ஆண்டின் பின்னர்ப் பணம் புதுப்பிக்கப்படமாட்டாது எனவும் அறிவிக்கப்பட்டது. முற்கூறிய அரிச்சுவடி முறையில் முன்னணியில் நின்று உழைத்த இடங்கள் இவை.

ஆராய்ச்சி, திறந்து மூடும் தண்ணீர்க் குழாய் அன்று. ஓர் ஆய்வுகூடம் கலையும்பொழுது, பத்தாண்டுகளாகப் பயின்ற கைகள் வேறு தொழிலுக்குப் போய்விடுகின்றன. இன்று நிறுத்தி ஐந்தாண்டின் பின்னர் மீண்டும் தொடங்குவோர், விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியாது; ஐந்தாண்டு முந்திய இடத்துக்கும் பின்னே செல்லுதல் வேண்டும். ஒரு நாட்டின் கருவூலத்தையே முழு உலகும் நம்பியிருத்தல் எத்துணை ஆபத்தானது என்பதையும் இந்நிகழ்ச்சிகள் காட்டின. ஐரோப்பிய நாடுகளும், யப்பானும், வளர்ந்துவரும் ஆசிய நாடுகளும் தத்தம் பங்கைக் கொடுக்க முன்வருதல் வேண்டும் என்பதே எமது கருத்து.

எமக்கும் இதற்கும் என்ன?

இலங்கையில் இந்நோயாளர் தொகை சிறிது என்பது உண்மையே. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச். ஐ. வி. பரவுவதைத் தடுத்துவிட்ட நாடு என 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்றைப் பெற்றோம். எமது தாய்மார் கிளினிக்குகளிற் பணிபுரியும் மருத்துவிச்சிகளுக்கும் தாதியருக்கும் உரிய பெருமை அது. ஆயினும், 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 700 பேர் புதிதாகக் கண்டறியப்பட்டனர். நோய்க்குக் கடல் ஓர் அரண் அன்று.

அயலிலுள்ள சென்னையிலேதான், 1986ஆம் ஆண்டில், வைத்திய கலாநிதி சுனிதி சொலமனும் அவருடைய மாணவியாகிய செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் இக்கிருமி புகுந்துவிட்டதை முதன்முதலிற் கண்டறிந்தனர். “எமது நாட்டுக்கு அந்நோய் வராது” என்று பலர் நம்பியிருந்த காலம் அது. அதே நகரிலுள்ள காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் 2006ஆம் ஆண்டில் எச். ஐ. வி. தடுப்பூசிப் பரிசோதனையொன்று நடந்தபொழுது, நோயற்ற ஆண்களும் பெண்களும் தாமாக முன்வந்து கை நீட்டினர் என்பதையும் நாம் அறிதல் நன்று.

மற்றுமோர் ஆட்சேபம் உண்டு. அதனை வாய்விட்டுச் சொல்வோர் குறைவு, மனத்தில் வைத்திருப்போர் அதிகம். “ஒழுக்கந் தவறியோருக்கு வரும் நோய்க்கு உலகம் ஏன் பணம் கொடுத்தல் வேண்டும்?” என்பதே அது. கணவனையன்றி வேறொருவரையும் அறியாத மனைவியரும், கருவிலிருந்தே தொற்றுடன் பிறந்த பிள்ளைகளும் இந்நோயாளருள் எத்தனை இலட்சம்! அவர்களை விடுத்தாலும், நோயாளியின் ஒழுக்கத்தை விசாரித்துவிட்டு மருந்து கொடுப்பது எந்த வைத்தியனுடைய தருமமும் அன்று.

உண்மையில், வெட்கம் மிகுந்த எமது போன்ற சமூகங்களுக்கே தடுப்பூசி பெரிதும் ஏற்றது. பாதுகாப்பு மருந்து வேண்டுவோர் இன்று கிளினிக்கின் வாயிலிற் போய் நின்று தம்மை வெளிப்படுத்துதல் வேண்டும். அயலார் கண்ணுக்கு அஞ்சிப் போகாமல் விடுவோர் பலர். வகுப்பிலுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் ஒருங்கே ஏற்றப்படும் ஊசியோ எவரையும் காட்டிக்கொடுப்பதில்லை; எவரிடமும் கேள்வி கேட்பதில்லை. எச். பி. வி.யும் உடலுறவினாற் பரவுவதே. ஆயினும், அதற்கான ஊசியைப் பெறும் ஆறாம் வகுப்பு மாணவியை எவரேனும் ஐயக்கண்ணோடு நோக்குவதுண்டா?

எமது சிறிய நாடு கோடிக்கணக்கிற் பணம் கொடுக்கும் நிலையில் இல்லை. ஆனால், உலக சுகாதார ஸ்தாபனத்தின் சபைகளில் எமது பிரதிநிதிகளுக்கும் ஒரு வாக்கு உண்டு. பேசுவதற்கு ஒரு நா உண்டு. உயிரியல் கற்கும் எமது மாணாக்கர் முன்னே, இன்னும் விடை காணப்படாத பெருங் கணக்கொன்று திறந்து கிடக்கின்றது. பெற்றோராகிய எமக்கோ, இந்நோயின் பெயரைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தாமல் பிள்ளைகளுடன் பேசும் கடமை இருக்கின்றது.

பணத்தின் கணக்கை இதுவரை பார்த்தோம். பணத்தாற் கணக்கிட முடியாத கடனொன்றும் உண்டு. தாய்லாந்தின் 16,000 பேரும், தென்னாபிரிக்காவின் 5,400 பேரும், சென்னையிலே கை நீட்டியவர்களும் தமக்கென ஒரு நன்மையையும் உறுதியாக எதிர்பார்த்து வந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு ஏற்றப்பட்டது மருந்தா வெறும் நீரா என்பதுகூட அன்று அவர்களுக்குத் தெரியாது. முகமறியாத பிள்ளைகளுக்காகத் தம் உடலையும் இரத்தத்தையும் கொடுத்து, “இதிலிருந்து ஏதேனும் கற்றுக்கொள்ளுங்கள்” என்று விட்டுச் சென்றனர். அந்த இரத்தம் எழுதிக் கொடுத்த பாடத்தைப் பாதியில் மூடிவைப்பதற்கு, பணப்பெட்டியின் திறப்பை வைத்திருப்போருக்கு உரிமை உண்டா என்பதையே நாம் கேட்கின்றோம்.